ஃப்ரிட்ஜில் வைத்த பூ

தமிழ்மதிக்குப் பயம் கூடப்பிறந்தது. இடி இடித்தால் பயம், கொம்பு சீவிய மாட்டைக் கண்டால் பயம், சில்லறை இல்லை என்று கண்டக்டர் அதட்டினால் பயம், வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் எல்லாவற்றையும் விடப் பயம். இப்படிப்பட்டவள் ஒன்பது வருடமாக, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அடுத்தவர் கையில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள் என்றால் அவள் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். எரியோட்டுக்குத் தெற்கே முருங்கைக்காடு வைத்திருக்கும் சோலைமுத்துவின் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் பட்டம் வாங்கிய படம், குலசாமி படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்குகிறது. நூல் பிடித்து அளந்து ஆணி அடித்தவர் சோலைமுத்துதான்.

வயது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் இதுதான் முதலில் வரும். பட்டம் எல்லாம் பிறகு.

அதுவரை பதினொரு பேர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கேசரி, காபி எல்லாம் முறையாக நடக்கும். "பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு வார்த்த பேசிக்கிறட்டும்" என்று யாராவது பெரிய மனசு பண்ணிக் கொல்லைப்பக்கம் அனுப்பி வைப்பார்கள். அங்கே முருங்கை மரத்தடியில் நின்று தமிழ்மதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"உங்களுக்கு எதுக்குப் பயம்?"

சமைக்கத் தெரியுமா, தனிக்குடித்தனமா என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்து நிற்கிறவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஒன்பது பேர், "எனக்கென்னங்க பயம்?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். ஒருவர், "இனிமே உங்களுக்குத்தான் பயப்படணும்" என்று சொல்லித் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். மிச்சம் ஒருவர் பதிலே சொல்லாமல் போய், பெண்ணுக்கு ஏதோ மனக்கோளாறு என்று தரகரிடம் சொல்லிவிட்டார். அது ஊர் முழுக்கச் சுற்றி அவள் அம்மா ஜக்கம்மாளின் காதுக்கு வந்தபோது, கோளாறு பரம்பரை வியாதியாக வளர்ந்திருந்தது.

கிறுக்குக் கேள்வி இல்லை அது. ஊசியிடமிருந்து அவள் கற்றது.

ரத்தம் எடுக்க உட்காருகிறவர்களிடம் "பயமா இருக்கா?" என்று கேட்பது அவள் வழக்கம். ஆமாம் என்று சொல்கிறவர்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையைக் கல் மாதிரி வைத்திருப்பார்கள். ஒரே குத்தில் வேலை முடிந்துவிடும். "எனக்கென்ன பயம்" என்கிறவர்கள்தான் ஊசி தொட்டதும் வெடுக்கென்று கையை இழுப்பார்கள். நாலு வருடத்துக்கு முன் ஒரு மனிதர் வந்தார். முறுக்கிய மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, கூடவே மனைவி. "அரிவாள் வெட்டே பாத்தவன் நானு" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஊசி ஏறியது, ஆள் சரிந்து நாற்காலியோடு விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்தவர் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அடுத்த நொடி தமிழ்மதியின் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை.

அந்த அறையைக்கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதவர் அந்த மனைவி. அந்த அம்மாள் பதறவில்லை, கூச்சல் போடவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்து உதறிப் புருஷனின் தோளில் போட்டுவிட்டு, தமிழ்மதியின் காதோடு சொன்னார்: "வெக்கம் வந்தா அவுகளுக்குக் கை நீண்டுரும் பாப்பா. மனசுல வச்சுக்காத."

சோறு கொதிக்கிறது என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்கு முடிவு செய்தாள் தமிழ்மதி. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரிந்த ஒருவன் வரட்டும். அதுவரைக்கும் காத்திருப்பது. வராமலே போனால்? காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாத ஒரு வீடு, அதில் ஒரு கட்டில், அதில் அவள். அந்தப் படம் அடிக்கடி கண்முன் வரும். கட்டிக்கொள்ளவும் பயம், கட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பயம். இரண்டில் எது பெரியது என்று அளந்து பார்க்க அவளுடைய நிலையத்தில் இயந்திரம் இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட பேச்சாயி அத்தை வந்து நின்றாள். சோலைமுத்துவின் அக்கா. கூட ஓர் அம்மாள், ஒல்லியாக, மூக்குத்தி இல்லாத வெறும் மூக்கோடு.

"இவுக ஆயக்குடி மாயக்கா. கொய்யாத்தோப்பு இருக்கு. சுகரு பாக்கணும்னாக. எதுக்கு வேற எடம், நம்ம புள்ள இருக்கிற எடத்துக்கே போவோம்னு கூட்டியாந்தேன்" என்றாள் அத்தை.

மாயக்காள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"பயமா இருக்காம்மா?" என்றாள் தமிழ்மதி.

"ஆமாங் கண்ணு. ரொம்பப் பயமுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமில்லீங்."

கை அசையவில்லை. ஒரே குத்து. தமிழ்மதிக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போனது. "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கம்மா, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று அனுப்பி வைத்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது மாயக்காளின் கையில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. இரண்டாவது ரத்தமும் எடுத்து முடிந்ததும் அதைப் பிரித்தாள். நெருக்கிக் கட்டிய மல்லிகை, நாலு முழம் இருக்கும்.

"வலிக்கவே இல்லீங் கண்ணு. வெறுந்தலையா நிக்கிறீங்களே. செத்தத் திரும்பிக்கங்க."

ஊசி வலிக்காததற்கு நன்றி போலிருக்கிறது என்று நினைத்தாள் தமிழ்மதி. கிராமத்து ஆட்கள் இப்படித்தான், வெண்டைக்காய் கொடுப்பார்கள், முட்டை கொடுப்பார்கள். கையுறையைக் கழற்றாமலே திரும்பி, தலையைக் குனிந்தாள். மாயக்காளின் விரல்கள் பின்னலில் பூவைச் செருகின. விரல்கள் நடுங்கியதும் தெரிந்தது; சர்க்கரை இறங்கியிருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். அத்தை பக்கவாட்டில் நின்று செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

அவர்கள் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். ரசீது போடும் அப்துல் ஜப்பார் அண்ணன் வாய் நிறைய லட்டோடு வந்தார்.

"சொல்லவே இல்லியேம்மா! எப்போ கல்யாணம்?"

"யாருக்குண்ணே?"

"வெளையாடாத. அந்தம்மா எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டுப் போகுது. 'எம் மருமகளுக்குப் பூ வச்சிருக்கோம்'னு வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிட்டுல்ல போகுது."

எதிரே ஓர் ஆள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். புடைத்த நரம்பு, குழந்தை கூடக் கண்டுபிடிக்கும். தமிழ்மதிக்கு அது தெரியவில்லை. ஊசி நுனி காற்றில் வட்டம் போட்டது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டாள்.

பூ வைப்பது என்றால் அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண் வந்து பூ வைத்து, பெண் தலை குனிந்து வாங்கிக்கொண்டால், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிறகு தட்டு மாற்றுவது, தேதி குறிப்பது எல்லாம் தானாக நடக்கும். பூ வைத்த பிறகு கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் ஒன்றா இரண்டா?

போன் அதிர்ந்தது. அம்மா.

"ஏத்தா, போட்டோ வந்துருச்சுடி! ஒங்கத்த அனுப்பிச்சிருக்கா. எம்புட்டு லட்சணமாக் குனிஞ்சு நிக்கிற!" ஜக்கம்மாளின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "அந்தக் குலசாமிதான்டி கண்ணத் தொறந்துருக்கு. வெள்ளிக்கெழம தட்டோட வாராகளாம்."

"அம்மா, எனக்குத் தெரியாதும்மா. நான் சும்மா..."

"என்னடி தெரியாது? அழுகையா வருது எனக்கு. சாயங்காலம் வெரசா வா."

லைன் போய்விட்டது. உடனே அத்தைக்குப் போட்டாள்.

"அத்தை, எதுக்கு இப்படிப் பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு ஊருக்கே தெரியுமே. மாப்பிள்ளைகிட்டப் பயமா பயமில்லையான்னு பரீட்ச வைப்ப. பதினோரு பேரு பெயிலு. பன்னெண்டாவது ஆள நான் பரீட்சையில்லாமப் பாஸ் பண்ணி விட்டுட்டேன். போவியா!"

"எனக்கு வேணாம் அத்தை."

அத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அழுத்தினாள்.

"வேணாமா? அப்ப மொற தெரியும்ல? வச்ச பூ வாடுறதுக்குள்ள, அதே பூவ, பொண்ணப் பெத்தவ கொண்டுபோய் அவுக கையில குடுத்துட்டு வரணும். ஒங்கம்மா போவாளா கேளு. வாடிருச்சுன்னா முடிஞ்சுது கத. ஆவணி வெயிலுக்கு மத்தியானம் தாங்காது அது."

தமிழ்மதி பின்னலில் கை வைத்துப் பார்த்தாள். நாலு முழமும் அங்கேதான் இருந்தது, பாம்பு சுருண்ட மாதிரி. உருவி எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, அலமாரியிலிருந்து புதிதாக ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். சாம்பிள் பிடிக்கக் கொடுப்பார்களே, அந்த டப்பா. பூவைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடியைத் திருகி, ரத்தக் குப்பிகள் அடுக்கியிருந்த ஃப்ரிட்ஜில் கடைசித் தட்டில் வைத்தாள். பழக்க தோஷம், மேலே பெயர், தேதி, நேரம்கூட எழுதி ஒட்டினாள்.

ஜப்பார் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இது என்ன சாம்பிளும்மா?"

"வாடக்கூடாதுண்ணே."

அவர் டப்பாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாயில் மிச்சமிருந்த லட்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நாலு டிகிரியில வச்சா நாலு நாள் தாங்கும்னு நெனைக்கிறேன். யாரும் தொடாம நான் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஜக்கம்மாள் முதலில் பார்த்தது மகளின் பின்னலை.

"பூவ எங்கடி?"

"எடுத்து வச்சிருக்கேன்மா. திருப்பிக் குடுக்கணும். நீ கூட வா."

ஜக்கம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. அதுதான் தமிழ்மதிக்குப் பயமாக இருந்தது.

"நீ குனிஞ்சியா, இல்லியா?"

"குனிஞ்சேன். ஆனா எதுக்குன்னு..."

"குனிஞ்சேல்ல. அப்பொறம் என்ன?" அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒந்தம்பிக்குப் பேசி வச்ச பொண்ணு வீட்டுல தைக்கு மேல காத்திருக்க மாட்டோம்னுட்டாக. மூத்தவ இருக்கையில எளையவனுக்கு எப்புடி முடிக்க? எனக்கு எழவுக்குப் போகப் பயமா இருக்குடி. கல்யாணம்னா போகாம இருந்துக்கிரலாம். எழவுக்குப் போகாம இருக்க முடியுமா? அழுகுற எடத்துலயும் 'மகளுக்கு முடிஞ்சுச்சா'ன்னுதான கேக்குறாளுக. நான் போகமாட்டேன். என்னைய வெட்டிப் போட்டாலும் அந்தப் பூவத் தூக்கிக்கிட்டுப் போகமாட்டேன்."

திருப்பூரில் வேலையிலிருக்கும் தம்பி முகேஷ்குமாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஒரே வரி. 'இதுவும் நின்னா இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.' சின்ன வயதில் இருட்டில் கொல்லைக்குப் போக அவள் கையைப் பிடித்துக்கொண்ட தம்பி அவன்.

சோலைமுத்து முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. வீட்டில் பேச்சு முற்றும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது கட்ட வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தாள். அந்த வீட்டுக்குத் தனியாகப் போய் நின்றால் என்ன நடக்கும்? ஊரைக் கூட்டினால்? கதவைச் சாத்திக்கொண்டு பேசினால்? பேசாமல் குனிந்தது குனிந்ததாகவே இருந்துவிட்டால் என்ன? அம்மா சிரிப்பாள். தம்பி பேசுவான். யார் கண்டது, நல்ல ஆளாகவும் இருக்கலாம். இப்படித்தானே எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கன்னத்தில் பழைய இடம் சூடாகும்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்து, வெளியூர் சாம்பிள் கொண்டுவரும் சின்ன ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஜப்பார் அண்ணன் மாயக்காளின் ரிப்போர்ட்டையும் கவரில் போட்டுக் கொடுத்தார். "இத வாங்க வரவே இல்ல அந்தம்மா. அப்படியே குடுத்துரு. ஏதும்னா போன் பண்ணு, நான் உக்காந்துதான் இருப்பேன்."

பழனி பஸ்ஸில் ஜன்னலோரம். மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்து சீட்டு அம்மாள் பெட்டியைப் பார்த்து, "போலியோ சொட்டு மருந்தா தாயி?" என்று கேட்டாள். தமிழ்மதி தலையை ஆட்டினாள். ஒட்டன்சத்திரம் வந்தது, அத்தை எங்கேயாவது நிற்பாளோ என்று குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். 'அம்மா, தப்பா நெனைக்காதீங்க.' இதற்கு மேல் ஒரு வாக்கியமும் வரவில்லை. ஆயக்குடி நிறுத்தத்தில் கொய்யாக்கூடைகள் ஜன்னலுக்கு ஜன்னல் எழும்பி நின்றன. பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். தகரக் கொட்டகையில் மாயக்காள் உட்கார்ந்து, கிரேட்டில் பேப்பர் விரித்துக் கொய்யா அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முகம் வெளுத்துப்போனது.

"கண்ணு? நீங்களா? சக்கர அம்புட்டுக் கூடிப்போச்சுங்களா? நேர்ல வர்ற அளவுக்கு?"

தமிழ்மதி கவரை நீட்டினாள். "கூடத்தான்மா இருக்கு. முந்நூத்துக்கு மேல. மாத்திரை போட்டாச் சரியாகும், டாக்டரப் பாருங்க. ஆனா நான் வந்தது..."

"பையங்கிட்டச் சொல்லிராதீங் கண்ணு." மாயக்காள் கவரை அவசரமாக இடுப்பில் செருகினாள். "சத்தம் போடுவானுங்."

ஐஸ் பெட்டியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தாள் தமிழ்மதி. சொற்கள் கலைந்து வந்தன.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எதுக்குப் பூ வச்சீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குனிஞ்சிருக்க மாட்டேன். எங்கம்மா வரணும். அவங்களுக்கு வரப் பயம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதான் நானே..."

மாயக்காள் டப்பாவையே பார்த்தாள். நீர்முத்து படிந்த பிளாஸ்டிக்குக்குள் பூ அப்படியே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வாடவே இல்லீங்களே," என்றாள்.

டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "நாலு வருசமாப் பொண்ணு தேடறமுங்க. தோப்புக்காரனுக்கு யாருங் குடுக்கறா? ஆபீஸ் வேல வேணுங்கறாங்க. உங்ககிட்ட ஒளிச்சு வச்சது தப்புத்தானுங். பூ வைக்கும்போது கையெல்லாம் நடுங்குச்சு. கேட்டா இல்லைன்னு போட்ருவீங்களோன்னு பயங் கண்ணு. அத்தன எடத்துல இல்லைன்னு கேட்டாச்சு. இன்னொரு இல்லையத் தாங்க மாட்டேன்னு பயம். நான் கண்ண மூடிட்டா இவனுக்குச் சோறு வடிக்க ஆளில்லையேன்னு அது ஒரு பயம்."

முருங்கை மரத்தடியில் பதினொரு பேரிடம் கேட்டும் வராத பதில் அது. இன்னும் ஒரு நிமிடம் அந்த அம்மாள் பேசியிருந்தால் தமிழ்மதி டப்பாவைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருப்பாள் என்றுகூடச் சொல்லலாம்.

"சோறு வடிக்க அவங்களே பழகிக்கிறலாம்மா," என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

அப்போதுதான் வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் மாயக்காளின் மகன் சிவபிரகாஷ். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். வெயிலில் கறுத்த, களையான முகம். தமிழ்மதியைப் பார்த்ததும் மலர்ந்தார்; போட்டோவில் பார்த்திருப்பார்.

"அட, வாங்க! வெள்ளிக்கிழமதான நாங்க வாறதா இருந்துச்சு. அம்மா, டீ வச்சுக் குடுத்தியா? ஏனுங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க? மொகமெல்லாம் ஏன் இப்படி இருக்கு? பயப்படாதீங்க. நம்மூட்ல பயங்கிற பேச்சே கெடையாதுங்க."

கேட்கக்கூடாது என்றுதான் வந்திருந்தாள். வாய் தானாகக் கேட்டது.

"உங்களுக்கு எதுக்குப் பயம்?"

"எனக்கா?" கொட்டகை அதிரச் சிரித்தார். "எனக்கென்னங்க பயம்? இவங்களக் கேளுங்க. அம்மாவும் என்னையாட்டமே. எதுக்கும் அசராத ஆளு."

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கொய்யாவைப் பேப்பரில் சுற்றினாள். சுற்றிய கொய்யாவையே மறுபடியும் சுற்றினாள்.

தமிழ்மதி டப்பாவை நீட்டினாள். "இதக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேங்க. எங்கிட்டக் கேக்காம நடந்துருச்சு. மன்னிச்சுக்கங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. கொட்டகை வாசலில் கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. வெட்கம் ஏறுகிற அந்த நிறம் தமிழ்மதிக்குத் தெரியும்.

அவர் கை சட்டென்று மேலே உயர்ந்தது.

தமிழ்மதி இரண்டடி பின்னால் போய், தகரத்தில் முதுகு மோதி நின்றாள். தகரம் தடால் என்றது. கண் தானாக மூடிக்கொண்டது. ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் கை தோளில் இருந்த துண்டின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. முகத்தைத் துடைக்க எடுத்தாரோ என்னவோ.

"நான் என்ன அடிக்கவா போறேன்?" என்றார். குரல் கம்மியிருந்தது.

அடிக்கிறவர்தானா, இல்லையா? அது அவளுக்குத் தெரியாது. அடிக்காதவராகவே இருக்கலாம். தெரியாத ஒன்றுக்குத் தலையைக் குனிந்துவிட்டு, ஆயுசுக்கும் ஒரு கை உயரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"தெரியலீங்க," என்றாள் உண்மையாகவே.

மாயக்காள்தான் எழுந்தாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, வந்து, தமிழ்மதியின் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். மூடியைத் திருகத் தெரியாமல் திணறினாள். தமிழ்மதியே திருகிக் கொடுத்தாள். சில்லென்ற பூவை எடுத்துக்கொண்டு போய், கால் மிதி படாத இடமாக, கொட்டகைக்குப் பின்னால் கொய்யா மரத்து வேரில் வைத்தாள்.

"போய்ட்டு வாங் கண்ணு," என்றாள் திரும்பாமல். "வெயிலாயிருச்சு."

திரும்பும் பஸ் சத்திரப்பட்டியைத் தாண்டியது. போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அம்மா. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"குடுத்துட்டேன்மா."

அந்தப் பக்கம் போன் கை மாறியது போலிருந்தது.

"பஸ் ஏறிட்டியாத்தா?" அப்பா.

"ஏறிட்டேன்ப்பா."

"எரியோட்டுல வந்து நிக்கிறேன்."

சொன்னபடி நின்றிருந்தார். மொபெட்டின் பின்சீட்டில் சாக்கு விரித்திருந்தார், வெயிலில் சுடக்கூடாது என்று. அவள் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தாள். ஊர் எல்லை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, ரோட்டையே பார்த்தபடி அவர் பேசினார்.

"ஒங்கத்தைக்கு ஆயக்குடியில இருந்து போன் போயிருக்கு. ஒடனே வண்டியப் புடிச்சு வந்து வாசல்ல உக்காந்துருக்கா. மண்ண வாரித் தூத்திக்கிட்டு இருக்கா. நாலு பேரு கூடிட்டாக. ஒந்தம்பி வேற போன்ல கத்துறான்." வண்டி கொஞ்ச தூரம் போனது. "அவுகளுக்கு என்ன பதிலு சொல்றதுன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குத்தா."

அப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. கிணற்றில் தண்ணீர் வற்றிய வருடத்தில்கூட வந்ததில்லை. பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பார்த்தாள். வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்த இரண்டு கையும் அசையாமல் இருந்தன.

"எனக்கும்தான்ப்பா," என்றாள்.

"ம்," என்றார் சோலைமுத்து. "செத்த நேரம் காட்டுல நின்னுட்டுப் போவமா?"

"வேணாம்ப்பா. போயிருவோம்."

தெருமுனையிலேயே அத்தையின் குரல் கேட்டது. தமிழ்மதி ஒரு கையால் பெட்டியையும் இன்னொரு கையால் அப்பாவின் சட்டையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி வாசலை நோக்கித் திரும்பியது.